பெயரில்லாத போத்தல்

செப்பேடு ஒன்று மண்ணிலிருந்து வெளிவந்தால் ஊரே திரண்டு போய்ப் பார்க்கும். கல்வெட்டு ஒன்று கிடைத்தால் அறிஞர் பலர் கூடி ஆராய்வர். பழைய போத்தல் ஒன்று கிடைத்தாலோ, அதைக் காலால் எற்றித் தள்ளுவோம். இல்லையேல் பழைய சாமான்காரர் வரும் வரையில் வாசலில் போட்டு வைப்போம். எழுத்து இருந்தால்தான் சரித்திரம் என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. அரசனுக்கு எழுத்து இருந்தது. அவன் பிறந்த நாளையும் வென்ற நாட்டையும் எழுதி வைக்க ஆளும் இருந்தான். கரும்பு வெட்டியவனுக்கும் பால்மரம் சீவியவனுக்கும் எழுதி வைப்பார் யார்? அவர்களுடைய கைபட்ட பொருள்களே அவர்களுடைய ஏடுகள். போத்தலுக்கும் வாய் உண்டு. அது பேசுவதைக் கேட்கத்தான் நாம் பழகவில்லை.

இந்த எண்ணம் நமக்கு எழக் காரணமாயிருந்தவர் செபராங் பிறைப் பகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் குடியிருந்த லயங்கள் இருந்த இடம் இப்போது செம்பனைக் காடு. அங்கே கால்வாயை ஆழப்படுத்தியபோது, சேற்றிலிருந்து கறுத்த போத்தல் ஒன்று முழுதாக வெளிவந்தது. நாற்சதுரமான உடல், தோள் அகன்று, அடி குறுகி, கழுத்தே இல்லையென்று சொல்லத்தக்க குட்டைக் கழுத்து. எழுத்தில்லை, முத்திரையில்லை, எண்ணுமில்லை. வாயில் களிமண் இறுகி அடைத்திருந்தது. அதைப் பழைய கைலி ஒன்றில் சுற்றி நம்மிடம் கொண்டுவந்தார்.

கொண்டுவருமுன் வீட்டில் ஒரு சிறு போராட்டம் நடந்ததாம். அவருடைய பெரியம்மாள், "அடைப்பை எடுக்காதே ஐயா, அந்தக் காலத்து மந்திரவாதி பேயைப் பிடித்து அடைத்துப் புதைத்ததாக இருக்கும்" என்று தடுத்தாராம். நாம் அடைப்பை எடுத்தோம். உள்ளிருந்து வந்தது கால்வாய்ச் சேறுதான். ஒரு வகையில் பெரியம்மாள் சொன்னதும் பொய்யன்று. அந்தப் போத்தலுக்குள் ஒரு காலத்தில் ஜின் இருந்தது மெய்யே; ஆனால் அஃது அரபுக் கதைகளில் வரும் ஜின் அன்று, ஒல்லாந்து தேசத்தில் காய்ச்சி வடித்த ஜின். அந்த ஜின் பிடித்து ஆட்டிய குடும்பங்களை எண்ணினால் மந்திரவாதியின் பேய் எவ்வளவோ சாது.

பேயைவிடப் பெரிய தொல்லை வேறொன்று இருந்தது. போத்தலின் படத்தைப் பார்த்த தரகர் ஒருவர், "இது டச்சுக்காரர் மலாக்காவை ஆண்ட காலத்துச் சாமான். பல்லாயிரம் வெள்ளி பெறும். அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், செலவுக்கு முன்பணம் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்பருக்கு மகள் ஒருத்தி. மேற்படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய காலம். முன்பணத்துக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்க அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். ஆகவே, போத்தலின் வயதென்ன என்ற கேள்வி வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக நம் முன் வரவில்லை. ஒரு சங்கிலியின் கேள்வியாகவும் வந்தது.

எழுத்தில்லாத கண்ணாடியின் வயதை அறிவது எப்படி? அது செய்யப்பட்ட முறையைக் கொண்டுதான். கண்ணாடி உருகிய நிலையில் தேன்போல் இருக்கும், ஆறியபின் கல்லாகும். ஆறும்போது தன்மேல் பட்ட ஒவ்வொரு கருவியின் அடையாளத்தையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். கருவிகள் காலத்துக்குக் காலம் மாறின. எந்தக் கருவி எந்த ஆண்டில் வந்தது என்பது தெரிந்தால், அதன் தடம் உள்ள போத்தல் அதற்கு முற்பட்டதன்று என்று துணியலாம்.

பழைய முறையில் தொழிலாளி நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைச் சுருட்டி எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவான். ஊதி உருவம் வந்ததும், அடிப்புறத்தில் வேறோர் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குழலை உடைத்தெடுத்து, வாயைச் சூடாக்கிச் செப்பனிடுவான். வேலை முடிந்ததும் அந்தக் கோலைத் தட்டி எடுத்தால் அடியில் ஒரு வடு நிற்கும். விரலால் தடவினால் தொப்புள் போலச் சொரசொரப்பாகத் தட்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் போத்தலின் உடலைக் கவ்விப் பிடிக்கும் ஒருவகை இடுக்கி புழக்கத்துக்கு வந்தது. அதன் பிறகு கோலும் வேண்டியதில்லை, வடுவும் விழுவதில்லை. 1860-க்குப் பிந்திய சாதாரணப் போத்தல்களில் அந்த வடு அருகிப் போகிறது.

அடுத்து நோக்க வேண்டியது அச்சுக் கோடு. இரண்டு மூன்று துண்டுகளாகத் திறந்து மூடும் அச்சுக்குள் ஊதிய போத்தலில், துண்டுகள் சேருமிடத்தில் மயிரிழை போன்ற கோடு விழும். பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ரிக்கெட்ஸ் என்பார் 1821-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அச்சு இவ்வகையில் பேர்பெற்றது. அதில் செய்த போத்தலின் தோளைச் சுற்றி ஒரு கோடும், தோளிலிருந்து மேலேறும் கோடுகளும் காணலாம். அந்தக் கோடு எதுவரை ஏறுகிறது என்பதே முக்கியம். கழுத்தில் நின்றுவிட்டால், வாய் விளிம்பைக் கையால் தனியே செய்தார்கள் என்று பொருள். விளிம்பையும் கடந்து உச்சிவரை ஓடினால் அது பொறி செய்த போத்தல். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் முழுதும் தானே இயங்கும் போத்தல் பொறியை 1903-ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். சிறு வயதிலேயே சூளையருகே நின்று உழைத்த பிள்ளைகளின் வேலையைக் குறைத்ததும் அந்தப் பொறியே. அவரும் இளமையில் கண்ணாடிச் சாலையில் அப்படி வேலை செய்த சிறுவர்தாம்.

கோடு இல்லாத போத்தலெல்லாம் மிகப் பழையது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அச்சுக்குள் போத்தலைச் சுழற்றிச் செய்யும் முறையொன்று உண்டு. அதில் கோடு அழிந்து போகும். உருண்டைப் போத்தலைத்தான் அவ்வாறு சுழற்ற முடியும். சதுரப் போத்தலைச் சுழற்ற முடியாது. ஆகையால் நம் கையிலிருந்த சதுரப் போத்தலில் கோடு இல்லாமைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

அந்தக் காரணம் அதன் உருவத்திலேயே இருக்கிறது. அடி குறுகித் தோள் அகன்றிருப்பது அழகுக்காக அன்று. ஒரே துண்டாகச் செய்த, வாய் திறந்த பெட்டி போன்ற அச்சுக்குள் கண்ணாடியை இறக்கி ஊதி, பிறகு மேலே இழுத்தெடுக்க வேண்டும். பக்கங்கள் நேராக இருந்தால் போத்தல் அச்சில் சிக்கிக்கொள்ளும். மேல்நோக்கி விரிந்திருந்தால் வழுக்கி வந்துவிடும். இட்டலிக்கும் அச்சு வெல்லத்துக்கும் குழி சரிந்திருப்பதை நம் பெண்மக்கள் நன்கு அறிவர், அதே சூத்திரந்தான். அச்சு ஒரே துண்டாதலால் பக்கங்களில் கோடு விழ வழியில்லை.

சதுரமாக ஏன் செய்தார்கள்? பெட்டியில் அடுக்குவதற்காக. உருண்டைப் போத்தல்களுக்கிடையே வீணாகும் இடம் சதுரப் போத்தல்களுக்கிடையே இல்லை. ஒல்லாந்தின் ஷீடாம், ரோட்டர்டாம் ஆகிய ஊர்களில் வடித்த ஜின் இவ்வாறு மரப்பெட்டிகளில் அடைபட்டு ஆப்பிரிக்கக் கரைக்கும், ஜாவாவுக்கும், நமது நீரிணைத் துறைமுகங்களுக்கும் கப்பலேறியது. சில கம்பெனிகள் தோளில் கண்ணாடி முத்திரை பதித்தன. ரோட்டர்டாம் நகரத்து வான் ஹோபோக்கன் நிறுவனத்தின் மூன்றெழுத்து முத்திரை அவற்றுள் பேர்போனது. முத்திரை இல்லாதவை கணக்கற்றவை. மேலே ஒட்டிய காகிதமே அவற்றின் பெயர். காகிதம் மண்ணில் மக்கியதும் போத்தல் பெயரிழந்துவிட்டது.

இவ்வளவும் பார்த்த பின் நம் போத்தலை வெயிலில் பிடித்தோம். தரையில் வைத்தபோது கருநிறம். வெயிலில் ஆழ்ந்த பச்சை. மணலில் கலந்துள்ள இரும்புச் சத்துக் கண்ணாடிக்குப் பச்சை தரும், மிகுந்தால் கறுக்கும். அடியில் விரல் வைத்துப் பார்த்தோம். உள்ளே குழிந்திருந்தது, ஆனால் வழவழப்பு. கோலின் வடு இல்லை. வாயைச் சுற்றித் தனியே வைத்து அழுத்திய கண்ணாடி வளையம் ஒன்று. ஒரு பக்கத்தில் அது சற்று வழிந்து கழுத்தின்மேல் இறங்கி உறைந்திருந்தது. அச்சுக் கோடு எங்குமில்லை. கையால் வைத்த விளிம்பு என்பதால் பொறிக்காலத்துக்கு முந்தியது. அடியில் வடு இல்லாமையால் பெரும்பாலும் 1860-க்குப் பிந்தியது. உடல் இன்னும் ஒரே துண்டு அச்சிலேயே ஊதப்பட்டிருப்பதால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு மிகவும் தள்ள வேண்டியதில்லை. ஏறக்குறைய 1860-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது என்று நாம் முடிவு செய்தோம். இதைவிடக் குறுக்கி ஓர் ஆண்டைச் சொல்பவர் போத்தலைப் பார்த்துச் சொல்லவில்லை, வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றியது 1641-இல். இடையே ஆங்கிலேயர் வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, 1825 வரையில் அஃது அவர்கள் கையில் இருந்தது. டச்சு நாட்டுப் போத்தல் என்று தரகர் சொன்னது ஒருகால் சரியாக இருக்கலாம். டச்சு ஆட்சிக் காலத்துப் போத்தல் என்றது சரியன்று. தேயிலை சீனத்திலிருந்து வந்தால் தேநீர் குடிக்கிறவனெல்லாம் சீனச் சக்கரவர்த்தியின் காலத்தவனாகிவிடுவானா?

நாமும் இவ்விஷயத்தில் ஏமாந்தவர்களே. பல ஆண்டுகளுக்கு முன் ஊதா நிறப் போத்தல் ஒன்றை, உள்ளே குமிழிகள் நிறைந்திருப்பதைக் கண்டு, இருநூறு வருஷத்துப் பொருளென்று நம்பிப் பணம் கொடுத்து வாங்கினோம். குமிழி என்பது அரைகுறையாக உருக்கிய கண்ணாடியின் குறை. அஃது இன்று மலிவாகச் செய்யும் கண்ணாடியிலும் உண்டு, வேண்டுமென்றே செய்வாரும் உண்டு. ஊதா நிறமோ வேறு கதை. இரும்பின் பச்சையைப் போக்கிக் கண்ணாடியை நிறமற்றதாக்க மாங்கனீசு சேர்ப்பர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து முதல் உலகப் போர்க் காலம் வரையில் அவ்வாறு செய்த போத்தல்கள் பல. அவற்றின்மேல் நெடுங்காலம் வெயில் பட்டால் மெல்லிய ஊதா படரும். இந்தச் செய்தி பரவியதும், பழங்கண்ணாடியைக் கதிர் பாய்ச்சும் கருவிக்குள் வைத்துச் சில நாட்களிலேயே கத்தரிப்பூ நிறமாக்கி விற்கத் தொடங்கினர். நாம் வாங்கியது அந்த இனம். அது இன்றும் நம் மேசைமேல் இருக்கிறது. கர்வம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

மண்ணில் கிடந்த கண்ணாடியின்மேல் மயில் கழுத்துப் போல வண்ணப் படலம் தோன்றுவதுண்டு. ஈரம் கண்ணாடியிலுள்ள உப்புகளைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுப்பதால், மேற்புறம் ஏடு ஏடாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. நம் போத்தலின் ஒரு முகத்தில், சேற்றில் படுத்திருந்த பக்கத்தில் மட்டும், இப்படலம் இருந்தது. அன்பர் அதைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்க இருந்தார். நல்லவேளையாகத் தடுத்தோம். தேய்த்தால் போத்தல் புதிதாகாது, பொய்யாகும்.

இனி, நம் உள்ளத்தை மிகவும் தொட்ட அடையாளத்துக்கு வருவோம். போத்தலின் அடி விளிம்பு முழுவதும் தேய்ந்திருந்தது. நாலு திசையிலும் ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள். போலியாகத் தேய்ப்பவன் ஒரே திசையில் தேய்ப்பான். கீறல்கள் வரிவரியாக நிற்கும். இவையோ எடுத்து வைத்து, எடுத்து வைத்து, ஆண்டுக்கணக்கில் விழுந்தவை. பெட்டியில் வந்து, துரை பங்களாவில் சில நாள் இருந்து, காலியானதும் எறியப்பட்ட போத்தலுக்கு இத்தனை தேய்வு வாராது. அது கிடைத்த இடமும் பங்களா மேடு அன்று. லயத்தை ஒட்டிய கால்வாய்.

ஆகவே அந்தப் போத்தலுக்கு இரண்டு வாழ்வு இருந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். முதல் வாழ்வு பங்களாவில், சில வாரம். இரண்டாவது வாழ்வு லயத்தில், பல வருஷம். தேங்காயெண்ணெய்க்கோ, விளக்கெண்ணெய்க்கோ, கடையில் சில்லறையாக வாங்கும் மண்ணெண்ணெய்க்கோ, அடுப்பின் அருகே மண் தரையில் அது நின்றிருக்கும். கனத்த கண்ணாடிப் போத்தல் கூலிக் குடும்பத்துக்கு எளிதில் கிடைக்கக்கூடிய பண்டமன்று. துரை குடித்து எறிந்ததைத் தாய் ஒருத்தி கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள். எவள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அவள் எந்தக் காலத்தவள்? செபராங் பிறையில் இரப்பருக்கு முன் இருந்தது கரும்பு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். கப்பல் கூலியும் முன்பணமும் கடனாகத் தலைமேல் ஏறும். ஒப்பந்தத்தை மீறினால் சிறை. ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து இரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனது 1876-இல். அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தது 1877-இல். தோட்டங்கள் கரும்பைக் கைவிட்டு இரப்பருக்கு மாறியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மலாயாவில் இந்தியக் கூலிகளின் ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. நம் போத்தல் செய்யப்பட்ட ஆண்டுகளை இவற்றோடு வைத்துப் பார்த்தால், அதை முதன்முதல் கையிலெடுத்த தமிழ்ப் பெண் இரப்பர் மரத்தையே பார்த்திராதவளாக இருக்கக்கூடும்.

கண்ணாடிக்கும் நமக்கும் உள்ள உறவு அதனினும் மிகப் பழையது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறோம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்தனர். அவ்வகைச் சிறு மணிகள் கடாரத்து மண்ணிலும் கிடைத்துள்ளன. பூஜாங் பள்ளத்தாக்கில் மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளும், சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வில் 14-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிப் பொருள்களும் வெளிவந்தன. அவை பேசப்படுகின்றன, அருங்காட்சியகத்தில் இடம் பெறுகின்றன. லயத்துப் போத்தலுக்கு அந்தப் பேறு எளிதில் கிட்டுவதில்லை. சோடாவுக்குப் பயன்பட்ட கோலிப் போத்தலைப் பாருங்கள்: லண்டனில் ஹைரம் காட் என்பவர் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்தது. கழுத்துக்குள் ஓர் இரப்பர் வளையம், அதில் உள்ளிருந்து அழுந்தும் கண்ணாடிக் குண்டு. அந்தக் குண்டுக்காகவே பிள்ளைகள் போத்தலை உடைத்தார்கள். முழுப் போத்தல் அரிதாகிவிட்டதில் வியப்பென்ன!

சரி, விலை என்ன? அன்பர் அதற்காகத்தானே வந்தார். பழமை ஒன்றே விலையைத் தருவதில்லை. எத்தனை எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டுந்தான் விலையைத் தருவன. சதுர ஜின் போத்தல்கள் லட்சக்கணக்கில் உலகெங்கும் போயின. முத்திரையில்லாதவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. முத்திரை இருந்தால் ஏறும். அடியில் கோலின் வடு இருந்தால் ஏறும். நிறம் அபூர்வமானால் ஏறும். விளிம்பில் நகக்கண் அளவு சில்லுப் பெயர்ந்தாலும் இறங்கும். கடைக்காரர் கேட்கும் விலையை விலையென்று கொள்ளலாகாது. ஏலத்தில் ஒருவர் பணத்தை எண்ணி வைத்து எடுத்துப்போன விலையே விலை. அத்தகைய விற்பனைகள் சிலவற்றை ஒப்பு நோக்கி, தரகர் சொன்ன பல்லாயிரத்தில் நூற்றில் ஒரு பங்கு தேறினால் மிகுதி என்று அன்பரிடம் சொன்னோம். அவர் முகம் வாடியது. உண்மையைச் சொல்லிப் பிறர் முகம் வாடப் பார்ப்பது இன்பமான தொழிலன்று. ஆனால் விற்கப் போகிறவனிடம் முன்பணம் கேட்பவன் வாங்குபவன் அல்லன் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. மரபுச் சிறப்புடையதென்று கருதத்தக்க பொருளை மண்ணில் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டுமென்று மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கூறுகிறது. சாதாரணப் போத்தல் ஒன்றை அதிகாரி பெரிதாகக் கருதாமல் போகலாம். எனினும் எந்தக் கால்வாய், எவ்வளவு ஆழம், அருகில் வேறு என்ன கிடந்தன என்பதை அன்றே எழுதி வைத்தால், அந்தக் குறிப்பு போத்தலைவிட அதிகம் பேசும். இடம் தெரியாத போத்தல் அலமாரிக்கு அழகு. இடம் தெரிந்த போத்தல் சாட்சி.

அன்பரிடம் ஒரு தாளைக் கொடுத்தோம். நெடுநேரம் யோசித்து, லயம் இருந்த திசை, பழைய கிணறு, இடிந்துபோன பள்ளிக்கூடம், முனியாண்டி கோவில் மரம் எல்லாம் போட்டு ஒரு படம் வரைந்தார். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பெயர் எழுதத் தொடங்கினார். பதினொரு வீட்டுக்கு மேல் அவருக்கு நினைவு வரவில்லை. "மிச்சத்தைப் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும், அவர்களுக்கும் எண்பத்தாறு ஆகிறது" என்றார். சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை. மகளின் பணத்துக்கு வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு ஏதேனும் கல்வி நிதி கிடைக்குமா என்று நாமும் விசாரித்து வருகிறோம். போத்தலை மீண்டும் அந்தக் கைலியிலேயே சுற்றிக்கொண்டு, மாலை பஸ்ஸில் பெரியம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டார்.